மூன்றாவது பொத்தான்

சகலை வயிறெரிவதைக் கண்குளிரப் பார்க்கத்தான் மனைவியோடு கார் வாங்க வந்த மேனேஜர் அவரையும் கடைக்கு அழைத்து வந்திருந்தார். வெளிநாட்டில் ஓடிய பழைய கார்களை மட்டும் தருவித்து விற்கும் கடை அது. அவர் வாங்கவிருந்த சாம்பல் நிறக் கார் கப்பலிலிருந்து இறங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

“டிரைவர் சீட்டுல மூணு பொத்தான் இருக்கு சார். ஆளுக்கு ஒண்ணு. அமுக்கினா அவங்கவங்க அளவுக்கு சீட் நகரும். பழைய ஓனரோட அளவெல்லாம் நானே அழிச்சுட்டேன். இனிமே நீங்க பதிஞ்சாதான் நகரும்,” என்றார் கடைக்காரர்.

மேனேஜர் ஏறி, எதையும் பதியாமலே முதல் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். இருக்கை பின்னால் நகர்ந்தது. தமக்கு இல்லவே இல்லை என்று அவர் சாதிக்கும் தொப்பைக்குக் கச்சிதமாக இடம் விட்டு நின்றது.

“காருக்கே தெரிஞ்சிருக்கு,” என்றாள் மனைவி.

அவள் ஏறி இரண்டாவதை அமுக்கினாள். குட்டைக் கால்கள் பிரேக்கை எட்டின. வலிக்கிற இடுப்புக்கு மெத்தை தானாகப் புடைத்துக்கொடுத்தது.

“மூணாவது காலியாவே இருக்கட்டும். வெளியாளுங்க யாரும் இதை ஓட்டப்போறதில்ல,” என்றார் மேனேஜர், சகலையின் காதில் விழும்படி.

“சும்மா இருங்க,” என்ற மனைவி சகலையிடம் திரும்பி, “அத்தான், நீங்க உக்காருங்க,” என்றாள்.

மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

எந்தக் காரிலும் முழங்காலை மோவாயோடு மடக்கியே பழகிய ஆறடிச் சகலை மூன்றாவதை அமுக்கினார். இருக்கை வெகுதூரம் பின்னால் போனது. கால்கள் சுகமாக நீண்டன.

“வருஷக்கணக்கா ஓட்டின வண்டி மாதிரி இருக்கே,” என்றார் சகலை.

உள்கண்ணாடி தானாக மெல்லத் திரும்பி, பின்சீட்டில் வயிறெரிந்துகொண்டிருந்த மேனேஜரின் முகத்தில் வந்து நின்றது.