கதவடைத்து அரைத்த பச்சிலை
காலையில் வெற்றிலைக் கொடிக்காலில் ஒச்சாண்டியை நல்ல பாம்பு தீண்டிவிட்டது. ஓடைப்பட்டிக்கே பாம்புக்கடி மருந்து கொடுப்பவர், பேச்சு நின்றுபோய் முற்றத்து வெயிலில் சுவரோடு சாய்ந்திருக்கிறார். பச்சிலையின் பெயர் வெளியே தெரிந்தால் மருந்து பலிக்காது என்று முப்பது வருஷமாகக் கதவடைத்து அரைத்தவர். எஸ்டேட் துரை வந்து கேட்டும் சொல்லாதவர். அம்மி காய்ந்து கிடக்கிறது. மனைவி பஞ்சம்மாள் வேலியோரத்து இலைகளையெல்லாம் மடிநிறையப் பறித்து வந்து, ஒவ்வொன்றாக அவர் கண்ணெதிரே நீட்டுகிறாள். “இதுவா? ஆமான்னா கண்ண மூடுங்க.” இமைகள் மெல்ல இறங்குகின்றன. “சொல்லிட்டாக ஆத்தா, அரை!” என்று கூட்டம் பதறுகிறது. அம்மிக்கு ஓடப்போனவள் நின்று, விரலால் அவர் இமைகளைத் தூக்கிவிட்டு வேறோர் இலையை நீட்டுகிறாள். அதற்கும் இறங்குகின்றன. பச்சை வாடையடிக்கும் வெறுங்கையை நீட்டுகிறாள். இமைகள் அதற்கும் இறங்குகின்றன.