பழைய கேமை ஆடும் முறை

"புது கேம்ல குதிரைக்கு வேர்க்கிறதுகூடத் தெரியுது. ஆளுங்க வாயைத் திறந்து பேசுறாங்க. உங்க பழசுல பொம்மை கட்டம் கட்டமா நிக்குது, கீழே தமிழ் எழுத்து ஓடுது. அதெல்லாம் ஒரு கேமா அண்ணே?"

"கதைன்னா பழசுதான் தம்பி! வழிகாட்ட அம்புக்குறி கிடையாது. ஊர்க்காரங்க சொல்றதைக் கவனிச்சாத்தான் டிராகன் குகைக்கே போக முடியும்."

முதலில் பேசியவர் வெல்டர். பதில் சொன்னவர் எலக்ட்ரீஷியன். இருவருக்கும் ஒரே பட்டறையில் வேலை. ஞாயிறு வந்தால் எலக்ட்ரீஷியன் வீட்டு ஹாலில் இதே சண்டைதான்.

ஒருநாள் எலக்ட்ரீஷியன் பிடிவாதமாகப் பழைய கேமைப் போட்டு, கன்ட்ரோலரை வெல்டர் கையில் திணித்தார்.

'பாலம் உடைஞ்சிருக்கு, போகாதே' என்று திரையில் எழுத்து வந்தது. வெல்டர் நேராகப் பாலத்துக்கே போய் விழுந்தார். ஒரு தடவை அல்ல, நாலு தடவை.

எலக்ட்ரீஷியன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் டிவி பக்கத்தில் நின்றார்.

"பழைய கேமைச் சத்தமா வாசிச்சு ஆடணும் தம்பி. அதான் முறை. நான் வாசிக்கிறேன், நீ ஆடு."

அன்று தொடங்கியது இந்த வாசிப்பு. ராஜாவுக்குக் கட்டைக் குரல், ராணிக்குக் கீச்சுக் குரல், டிராகனுக்கு இருமல் வேறு. திரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே எலக்ட்ரீஷியன் விரல் ஊரும். வெல்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

எலக்ட்ரீஷியன் மனைவிக்குத்தான் எரிச்சல். "வந்த மனுஷனை நிம்மதியா ஆட விடுறீங்களா? அவருக்கென்ன கண்ணு இல்லையா? டிவி பூரா உங்க விரல் ரேகை!"

"உனக்கு இதெல்லாம் புரியாது, போ."

ஆறு மாதம் ஓடியது.

ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டில் ஃபியூஸ் போய்விட்டதென்று எலக்ட்ரீஷியன் ஓடினார். டீயோடு ஹாலுக்கு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெல்டர் தனியாகத் திரையில் விரல் வைத்து, "வீ... ர... னே... என் ம... களை... மீட்டு வா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் வெட்கமாகச் சிரித்தார்.

"பள்ளிக்கூடப் பக்கமே போனதில்ல அண்ணி. அதனாலதான் பேசுற கேமே போதும்னு சண்டை போட்டேன். 'படிக்கத் தெரியாதா'ன்னு அண்ணன் ஒரு வார்த்தை கேக்கல. அவர் விரலைப் பார்த்துப் பார்த்தே படிக்க வந்துடுச்சு. முந்தாநாள் பஸ் போர்டை நானே படிச்சு ஏறினேன்!"

அவள் கண் கலங்கிவிட்டது. "அவர்கிட்ட சொன்னீங்களா? துள்ளிக் குதிப்பாரே!"

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. வெல்டர் அவசரமாக விரலை எடுத்துக்கொண்டு கிசுகிசுத்தார்:

"சொல்லிடாதீங்க அண்ணி. தெரிஞ்சா வாசிக்கிறதை நிறுத்திடுவாரே!"