கடைசி வீட்டுத் தண்ணீர்

"கண்ண இறுக்கி மூடு மகள். இந்தா முடிஞ்சிது."

குளியலறைக்குள் வாளித் தண்ணீர் சளசளவென்று விழுந்தது. வீட்டின் பின்பக்கம், அங்கிருந்து வெளியே வரும் கழிவுநீர்க் குழாயடியில், குணம் ஒரு சின்னப் போத்தலோடு குந்தியிருந்தான். பக்கத்தில் மாதர் சங்கத் தலைவி ஹவ்வா உம்மா முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றாள்.

குழாயில் நுரை வந்தது. ஷாம்பு வாசம்.

"கண்டீங்களா ராத்தா? இந்த வீடுதான்."

"நான் அப்பவே செல்லிட்டன் தம்பி, இந்த வீட்ட விடுங்க எண்டு."

எப்படி விடுவது? சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகக் கல்முனைக்கு மேற்கே வயலோரம் கட்டிய குடியிருப்பு அது. சண்டை முடிந்தும் மின்கம்பி இன்னும் அங்கு வந்து சேரவில்லை. எல்லா வீட்டுக் கழிவும் ஒரே தொட்டியில் சேரும். அதில் உண்டாகும் வாயுவை எரிக்காமலே மின்சாரமாக்கும் மிஷின் ஒன்றை வெளிநாட்டு உதவிக்காரர் வைத்துத் தந்திருந்தார்கள். தாய் சேய் நிலையத்தின் விளக்கும் தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜும் அதில்தான் ஓடின.

வாயுவின் கூழ்முட்டை நாற்றத்தைக் குணம் துருப்பிடித்த இரும்புத்தூளை வைத்தே எடுத்துவிட்டான். ஷாம்புவில் இருந்து வரும் சிலிக்கன்தான் அவனுக்கு அடங்கவில்லை. இம்மியளவு போதும், மிஷினுக்குள் போய் மணலாகப் படிந்து அதைக் கொன்றுவிடும். சிரட்டைக்கரியில் வடிகட்டிப் பார்த்தான். கரி இரண்டொரு நாளில் நிரம்பிக் கைவிட்டது. இன்னொரு தரம் மிஷின் பழுதானால் கழற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று உதவிக்காரர் சொல்லிவிட்டார்கள்.

ஹவ்வா உம்மா வீடு வீடாகப் போய்க் கதைத்தாள். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே ஷாம்புவை விட்டுச் சவர்க்காரக் கட்டிக்கு மாறினார்கள். அப்படியும் வாயு சுத்தமாகவில்லை; மிஷினை நிறுத்தியே வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழாயாகச் சோதித்துக்கொண்டு வந்த குணம், கடைசியில் அஸ்பியாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அந்த ஒரு குழாயை வேறு பக்கம் திருப்பிவிடவும் வழியில்லை. வயல் நிலம், ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும்.

"அசையாம இரி மகள். சிக்கெடுக்கணும்," என்றது அஸ்பியாவின் குரல்.

பிள்ளையிடமிருந்து ஒரு சிணுங்கல்கூட இல்லை. குணத்தின் மகளுக்குத் தலை முழுகாட்டினால் அவன் ஊர் பாண்டிருப்பு முழுக்கக் கேட்கும். இது சொல்வழி கேட்கிற பிள்ளை போல என்று நினைத்துக்கொண்டான்.

"தங்கச்சி, நான் மிஷின் பாக்கிற குணம்," என்று குந்தியிருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான். "ஷாம்பு மட்டும் வேணாம். சவர்க்காரம் போட்டு முழுகாட்டுங்களன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"சவர்க்காரத்துக்குப் போகுதில்ல. தலை முழுக்க மண்."

"ஒரு மாசத்துக்காவது நிப்பாட்டுங்க. நேத்து ஒரு பொம்புள டோர்ச் வெளிச்சத்திலதான் பிள்ளை பெத்தவ."

"ஏலா."

மறுபடி வாளி நிரம்பும் சத்தம். குழாயில் இன்னும் தடிப்பாக நுரை வந்தது.

குணத்துக்குக் கோபம் வந்துவிட்டது. போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பினான். "ஒரு பிள்ளைட தலைமயிருக்காக இவ்வளவு சனமும் இருட்டில கிடக்கிறதா ராத்தா? எல்லாரையும் கேட்ட நீங்க இவவ மட்டும் ஏன் கேக்கல்ல?"

"ஒருத்தருக்கும் வாய் வரல்ல தம்பி."

"அப்ப அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்க. நான் அதுக்கிட்டயே சொல்லி விளங்கப்படுத்துறன்."

ஹவ்வா உம்மா முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அது சுனாமித் தண்ணியில மூழ்கி மவுத்தான புள்ள, தம்பி."