ஆமாஞ்சாமி தூக்கிய கை

"இனிமே சனிக்கிழமையும் முழுநாள் வேலை. ஆட்சேபணை இருக்கிறவங்க கையைத் தூக்கலாம்."

சொல்லிவிட்டுக் கூட்டத்தை நோட்டம் விட்டார் மேனேஜர். சிடுமூஞ்சி என்று பேரெடுத்தவர். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு கை மட்டும் மேலே இருந்தது.

கணக்குப் பிரிவு ஆமாஞ்சாமியின் கை! வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் "ஆமா சார்" தவிர வேறு பேசாத மனிதர்.

"ஒருத்தர் எதிர்க்கிறார். திட்டம் ரத்து. கூட்டம் முடிஞ்சுது!" விருட்டென்று வெளியேறினார் மேனேஜர்.

"அண்ணே, நீங்க சிங்கம்ணே!" டைப்பிஸ்ட் பெண்ணுக்குக் கண் கலங்கியது. "சனிக்கிழமைதான் என் பொண்ணை ஹாஸ்டல்ல போய்ப் பார்க்க முடியும். அதுவும் போயிருக்கும்."

"நானா? நான் என்னம்மா பண்ணேன்?"

விஷயம் தெரிந்ததும் ஆமாஞ்சாமி தன் கையையே முறைத்துப் பார்த்தார்.

சில வாரமாகவே தோளிலிருந்து கட்டைவிரல் வரை சுரீர் சுரீரென்று வலி. "வலி கையிலே, வில்லங்கம் கழுத்திலே. அங்கே ஒரு நரம்பு நசுங்குது" என்றிருந்தார் டாக்டர். கையைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். அந்தச் சுகத்தில் கண்ணயர்ந்தவர் காதில் மேனேஜர் சொன்னது எதுவுமே விழவில்லை.

மனைவிக்குப் போன் போட்டார்.

"ஐயையோ! வேலைக்கு உலை வச்சுடாதீங்க. ஓடிப்போய் உண்மையைச் சொல்லிடுங்க!"

டைப்பிஸ்ட்டின் முகம் நெஞ்சை உறுத்தியது. ஆனாலும் பயம் ஜெயித்தது. மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"சார்... அந்தக் கை... நான் எதிர்ப்புக்காகத் தூக்கலை..."

மேனேஜர் நிமிர்ந்தார். "கட்டைவிரல் மரத்துப்போகுதா?"

"ஆ... ஆமா சார்."

"ஆள்காட்டி விரலும்?"

"ஆமா சார்! உங்களுக்கு எப்படி..."

"போன வருஷம் நானும் இப்படித்தான் தலையில கையோட திரிஞ்சேன். உங்களைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சார் ரத்து பண்ணீங்க?"

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தர் எதிர்த்தாலும் விட்டுடணும்னு முதலாளிகிட்ட மல்லுக்கட்டி சம்மதம் வாங்கியிருந்தேன். பார்த்தா, எதிர்ப்புக்குன்னு ஒரு கைகூட எழும்பலை. நீங்க எங்க முழிச்சுக்கிட்டு கையை இறக்கிடுவீங்களோன்னு பயந்துதான்யா, அவ்வளவு அவசரமா கூட்டத்தை முடிச்சேன்!"