விளங்காத டொச்

"உம்மட டொச் விளங்கேல்லையாம். திரும்பவும் முறைப்பாடு வந்திருக்கு."

ஷ்டூக்கி கணினித் திரையைச் சஜீதாவின் பக்கம் திருப்பினார். சுவிஸில், டொச் எனும் ஜெர்மன் மொழி பேசும் பேர்ண் நகரில் இருக்கிற ஒரு இன்டர்நெட் கொம்பனியின் ரெலிபோன் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு.

"நான் இந்தப் பேர்ணுக்குப் பக்கத்தில ஓஸ்டர்முண்டிகன்ல பிறந்து வளந்தனான். இப்ப உங்களோட என்ன பாசையில கதைக்கிறன்?"

"எனக்கு விளங்குது. வாடிக்கையாளருக்கெல்லோ விளங்கோணும்? திங்கள்கிழமையில இருந்து டொச் வகுப்புக்குப் போம்."

சஜீதாவுக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம்.

பக்கத்து மேசை ரெகுலாவிடம் வந்து கொட்டினாள். ரெகுலா பேர்ணுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. பரம்பரை பரம்பரையாய் அங்கேயே இருக்கிற குடும்பம்.

"பேரைக் கேட்டவுடன காதைப் பூட்டுதுகள். நீ என்ர பேரில ஒரு நாள் இருந்து பார், தெரியும்!"

"இருக்கிறன்," என்றாள் ரெகுலா. "நீ என்ர பேரைச் சொல்லு."

மறுநாள் காலை அப்படியே தொடங்கினார்கள்.

"வணக்கம், சஜீதா சிறீதரன் கதைக்கிறன்." அதே ரெகுலாவின் குரல், அதே கிராமத்து டொச்.

"எங்கயிருந்து கதைக்கிறீர், இந்தியாவோ?" என்றார் ஒருவர்.

இன்னொருவர் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாய் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு பெண், "பரவாயில்லை, உங்கட ஆக்களும் எங்கட பாசையைப் படிச்சுப் போட்டினம்" என்று மெச்சினாள்.

பக்கத்தில் ரெகுலாவாக இருந்த சஜீதாவிடம் ஒரு கிழவர், "அப்பாடா, எங்கட பிள்ளை ஒண்டு!" என்று சந்தோசப்பட்டார்.

மத்தியானச் சாப்பாட்டில் ரெகுலா முள்ளுக்கரண்டியைத் தட்டில் குத்தினாள். "எப்பிடிப் பொறுத்துக்கொண்டு இருக்கிறாய் நீ?"

"ஆர் பொறுத்தது?" என்றாள் சஜீதா.

பின்னேரம் ஒரு அழைப்பு. ரெகுலா ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே நின்றாள். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் எறிந்தாள்.

"என்னடி?"

ரெகுலா கதிரையை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஷ்டூக்கி கதவைத் திறந்தார். "சஜீதா, இஞ்ச வாரும்!"

ரெகுலாவும் எழுந்து வந்தாள்.

"நீர் எதுக்கு?"

"அந்த அழைப்பை நானும் கேக்கோணும்."

ஷ்டூக்கி தோளைக் குலுக்கிவிட்டு ஒலிப்பதிவைப் போட்டார்.

"வணக்கம், சஜீதா சிறீதரன் கதைக்கிறன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

வயதான பெண்குரல் ஒன்று சீறியது. "ஆர்? என்ன பேர் இது? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. டொச் தெரியாததுகளை ஏன் ரெலிபோனில வைக்கிறியள்? எங்கட ஆள் ஒருத்தரைத் தாங்கோ!"

டொக்கென்று இணைப்பு அறுந்தது.

"கேட்டீரோ?" என்றார் ஷ்டூக்கி. "அந்த உச்சரிப்பைக் கவனியும். 'உதவி' எண்ட சொல்லே உமக்குச் சரியா வரேல்லை."

"அது சஜீதா இல்லை!" ரெகுலா கத்தினாள். "அது நான்! பக்கத்து அறையில ஒவ்வொரு நாளும் கேக்கிற என்ர குரல் உங்களுக்குத் தெரியேல்லையோ?"

ஷ்டூக்கி திரும்பவும் பதிவைப் போட்டுக் கேட்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அப்ப... அந்தக் கிழவிக்குக் காது கேக்காதாக்கும்."

"நல்லாக் கேக்கும்." ரெகுலா ஒலிப்பதிவை நிறுத்தினாள். "நான்தான் எண்டு சொல்ல முந்தியே வைச்சிட்டா. எனக்குக் கதைக்கப் பழக்கினதே அவதான்... என்ர அம்மா."