இடது கன்னம்

"இந்தத் தழும்பு ஒரு பெண்ணின் கன்னத்தில் இல்லை. ஒரு யுகத்தின் கன்னத்தில் இருக்கிறது."

ஓவியர் மைக்கைத் தாழ்த்தினார். கூட்டம் தலையாட்டியது.

"போன கண்காட்சியில பூமியோட வெடிப்புன்னீங்க," என்று மகள் காதோரம் சொன்னாள். "அதுக்கு முந்தி வத்திப்போன நதி."

"கலை வளரும்மா."

சுவரில் இருந்தது அவருடைய முதல் மரச்செதுக்கு அச்சு. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன், மகளின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன மனைவி திரும்பவில்லை. வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. ஒரே மூச்சில் அவள் முகத்தைப் பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் அழுத்தி நாற்பது பிரதி எடுத்து, அடியில் 'காணவில்லை' என்று கையால் எழுதி ஊரெங்கும் ஒட்டினார். தகவல் வரவில்லை. கொஞ்ச நாளில், மிஞ்சிய பிரதிகளின் அடிப்பகுதியை வெட்டிவிட்டு 'துறந்து போனவள்' என்று தலைப்பு வைத்தார். அவருக்கு விருது கிடைத்தது. மகளுக்கு ஓடிப்போனவளின் பெண் என்ற பெயர் கிடைத்தது.

"அம்மாவுக்குத் தழும்பு வலப்பக்கம்னு சித்தி சொல்வாங்களே?"

"இதயம் இருக்கிற பக்கத்துக்கு நான்தான் மாத்தினேன்," என்றார், கூட்டத்துக்கும் கேட்கும்படி. "வேணும்னே."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் வந்தார். பையிலிருந்து நான்காக மடித்த பழுப்புத் தாளை எடுத்து விரித்தார். அதே முகம். அடியில் 'காணவில்லை'.

"பேப்பர்ல படத்தைப் பார்த்துட்டு வந்தேங்க. நான் ஆஸ்பத்திரி பிணவறையில வேலை பார்த்தவன். இது எங்க வாசல்ல ஒட்டியிருந்துச்சு. அதே வாரம் லாரியில அடிபட்டு ஒரு அம்மாவைக் கொண்டுவந்தாங்க. இதே முகம். கையில இறுக்கிப் புடிச்சிருந்த மருந்து பாட்டில் உடையவே இல்ல."

மகள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "ஏன் சொல்லியனுப்பலை?"

"தாளைப் பிச்சு எடுத்துட்டுப்போய்ப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேம்மா. அவங்களுக்குத் தழும்பு வலது கன்னத்துல. அப்ப இது வேற யாரோன்னுட்டேன். பத்து நாள் வெச்சிருந்து நாங்களே புதைச்சோம்." ஓவியர் பக்கம் திரும்பினார். "வேணும்னே மாத்தினதாங்க?"

எந்தக் கேள்விக்கும் யுகத்தை இழுக்கிறவர், மைக்கை மட்டும் அணைத்தார்.

பார்த்தபடியே பலகையில் செதுக்கினால் தாளில் இடவலம் மாறி விழும் என்பது அந்த முதல் அச்சின்போது அவருக்குத் தெரியாது.