கார்புரேட்டர் அடைப்பு

இன்ஜின் ஒரே திருப்பில் உறுமியது. மைத்துனன் கராஜே அதிரக் கைதட்டினான்.

“மாமா, சாதிச்சிட்டீங்க! காயலான் கடையில துருப்பிடிச்சுக் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரா இது? அக்கா, ஏறு. மாமாகூட ஊரைச் சுத்திட்டு வா.”

என் மனைவி விரலில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“ஸ்பேனர் எடு, லைட்டைப் பிடின்னு ரெண்டு பேரும் ஓயாம பேசிக்கிட்டே வேலை பாத்தீங்க. கண்ணு பட்டுடும் போங்க!” என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

காலையில் எழுந்து கராஜுக்குப் போனேன். அவள் எனக்கு முன்பே வந்து, பானெட்டைத் திறந்து குனிந்திருந்தாள்.

“என்ன ஆச்சு?”

“கார்புரேட்டர்ல அடைப்பு இருக்கும் போல. கழட்டிப் பாத்துடலாம்.”

நேற்று ஒரு தும்மல்கூட இல்லாமல் ஓடிய இன்ஜின்.

“ஆமா, அடைப்புதான்” என்றேன்.

மகன் செத்த பிறகு நாங்கள் பேசிக்கொள்ளும் இடம் இந்த கராஜ் ஒன்றுதான்.

“பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுங்க.”

தேட வேண்டியிருக்கவில்லை. அதே வேலைக்காக நான் கொண்டுவந்த ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது.